அமெரிக்கப் பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பிக்கும் எமது பிள்ளைகள் ‘பன்முகத்தன்மை’ பற்றி என்ன எழுதுவது?

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து அமர்ந்த நேரம் வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அழைத்தவர் என்னுடைய பழைய மாணவி. அமெரிக்காவில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருந்தார்.

“சேர், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாங்க சனிக்கிழமை கிளாஸ் வெச்சமே, அது எந்த வருஷம்? எத்தன பேர் வந்தாங்க?”

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில் அவர் செய்த வேலை அது. அலுமாரியின் அடித்தட்டில் பழைய வரவுப் பதிவேடு இருந்தது. தூசி தட்டிப் பார்த்தேன். 2011ஆம் ஆண்டு. பெயர்களை எண்ணினேன்.

“பதினொரு பேர், மகள்.”

மறுபக்கத்தில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: “நான் முப்பதுக்கு மேல என்டு எழுதிட்டேன் சேர்.”

அவர் எழுதிக்கொண்டிருந்தது ஒரு வேலை விண்ணப்பம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிப்பவர்களிடம் அப்போது கேட்டுவந்த ஒரு விசேட பத்திரம் அதில் இருந்தது. ‘டைவர்சிட்டி ஸ்டேட்மென்ட்’ என்று அதற்குப் பெயர். தமிழில் பன்முகத்தன்மைக் கூற்று எனலாம். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி அன்றிரவு நாங்கள் இருவரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினோம். அதன் பின்னர் நானும் தேடிப் படித்தேன். எமது பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் வெளிநாடு செல்லும் இக்காலத்தில், அந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது, அதில் என்ன எழுதப்படுகிறது, அதைச் சுற்றி அங்கு ஏன் இவ்வளவு சச்சரவு என்பதை எமது வாசகர்களும் அறிந்திருப்பது நல்லது.

என்ன கேட்கிறார்கள்?

அமெரிக்காவில் உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பவர் வழமையாகச் சில பத்திரங்களை அனுப்ப வேண்டும். விண்ணப்பக் கடிதம், சுயவிபரக் கோவை, ஆய்வு பற்றிய கூற்று, கற்பித்தல் பற்றிய கூற்று, சிபாரிசுக் கடிதங்கள் என்பனவே அவை. இவற்றோடு ஐந்தாறாவதாக வந்து சேர்ந்ததுதான் பன்முகத்தன்மைக் கூற்று. ஒன்று அல்லது இரண்டு பக்கம். ‘பன்முகத்தன்மை, ஒப்புரவு, உள்வாங்கல் ஆகியவற்றுக்கு நீங்கள் இதுவரை என்ன பங்களிப்புச் செய்துள்ளீர்கள்? எங்களிடம் வந்தால் என்ன செய்யத் திட்டமிட்டுள்ளீர்கள்?’ என்பதே கேள்வியின் சாரம்.

இதை இன்னொரு படிவத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விண்ணப்பதாரியின் இனம், பால், அங்கவீனம் பற்றிய விபரங்களைக் கேட்கும் தனிப் படிவமொன்றும் அங்கு உண்டு. விரும்பினால் நிரப்பலாம், விட்டுவிடலாம். அது புள்ளிவிபரத்துக்காக நிர்வாகத்திடம் போகும். தெரிவுக் குழுவின் கைக்குப் போகாது. இலங்கையர் அதில் ‘ஆசியர்’ என்ற கட்டத்தில் அடையாளமிடுவார். முஸ்லிம் என்று குறிக்க அதில் கட்டமே இல்லை. மதத்தின் அடிப்படையில் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுவதை 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம் அங்கு தடைசெய்கிறது.

ஆகவே, அடையாளம் ஒரு படிவத்தில். செயல் இன்னொரு பத்திரத்தில். ஏட்டளவில் இந்தப் பிரிப்பு தெளிவாக இருந்தது. நடைமுறையில் விண்ணப்பதாரிகள் இரண்டையும் கலந்தே எழுதினார்கள். சிக்கல் தொடங்கியதும் அங்கேதான்.

எங்கிருந்து வந்தது?

எமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கியோருக்கு இடம் கொடுப்பது எப்படி என்று கேட்டால், உயர்தரம் படிக்கும் பிள்ளையே விடை சொல்லும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதில் குறை காண்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாரும் பிள்ளையிடம் உன் கதையை எழுதித் தா என்று கேட்பதில்லை. மாவட்டமும் இஸட் புள்ளியும் பேசும்.

அமெரிக்காவில் இந்தப் பாதை ஆரம்பத்திலேயே மூடப்பட்டுவிட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மருத்துவ பீடத்தில் 100 இடங்களில் 16 இடங்கள் சிறுபான்மையினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அனுமதி கிடைக்காத அலன் பாக்கி என்ற வெள்ளையின விண்ணப்பதாரி வழக்குத் தொடுத்தார். 1978இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், இப்படி இடங்களை ஒதுக்கிவைப்பது சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. ஆனால், பல பின்னணிகளிலிருந்து வரும் மாணவர்கள் ஒன்றாகக் கற்பது கல்விக்கே நன்மை. அந்த நோக்கத்துக்காக இனத்தையும் பல காரணிகளில் ஒன்றாகக் கவனிக்கலாம் என்று நீதியரசர் பவெல் ஒரு வழியைத் திறந்துவிட்டார். பழைய அநீதிக்குப் பரிகாரம் என்ற பேச்சு பின்னுக்குப் போய், பன்முகத்தன்மை என்ற சொல் முன்னுக்கு வந்த இடம் இதுதான்.

1996இல் கலிபோர்னிய வாக்காளர்கள் ‘209ஆம் இலக்க முன்மொழிவை’ நிறைவேற்றினார்கள். அரச பல்கலைக்கழகங்கள் மாணவர் அனுமதியிலோ ஆட்சேர்ப்பிலோ இனத்தையும் பாலையும் பார்த்து முன்னுரிமை வழங்கக் கூடாது என்பது அதன் பொருள். இனத்தைப் பார்க்க முடியாது. ஆனால் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். என்ன செய்வது? ‘நீ யார் என்று கேட்காமல், என்ன செய்தாய் என்று கேட்போம்’ என்ற முடிவுக்கு அவர்கள் படிப்படியாக வந்தார்கள். 2005இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், சம வாய்ப்பை வளர்க்கும் கற்பித்தல், ஆய்வு, சேவை ஆகியவற்றை நியமனத்திலும் பதவி உயர்விலும் கணக்கில் எடுக்க வேண்டும் எனத் தன் விதிகளைத் திருத்தியது. பிறகு ஒவ்வொரு வளாகமாக அதைத் தனிப் பத்திரமாகக் கேட்கத் தொடங்கின. நாளடைவில் நாடு முழுவதும் பரவியது.

நான்கு விதமான எழுத்து

விண்ணப்பதாரிகள் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுகிறார்கள்? வெளியில் கிடைக்கும் மாதிரிகளையும் அறிவுரைகளையும் வாசித்தபோது நான்கு விதம் தெரிந்தது. என் மாணவியின் முதல் வரைவில் நான்கும் இருந்தன.

முதலாவது, அடையாளம். ‘நான் ஒரு முஸ்லிம் பெண். ஹிஜாப் அணிபவள். சிறிய நாட்டின் சிறுபான்மை. என் குடும்பத்தில் பல்கலைக்கழகம் சென்ற முதல் ஆள்.’ எல்லாம் உண்மை. ஆனால் கேள்விக்குரிய விடை இதில் இல்லை. ஹிஜாப் அணிந்த ஒருவர் வகுப்பில் பின்தங்கிய மாணவனுக்கு உதவுவார் என்பது அந்த ஹிஜாபிலிருந்து தெரியாது.

இரண்டாவது, கொள்கைப் பிரகடனம். ‘பன்முகத்தன்மையில் நான் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டுள்ளேன். ஒவ்வொரு மாணவரின் குரலும் முக்கியமானது.’ இதை எவரும் எழுதலாம். நம்பாதவனும் எழுதலாம். நூறு விண்ணப்பங்கள் வந்தால் தொண்ணூறில் இதே வசனங்கள் இருக்கும்.

மூன்றாவது, காயம். பட்ட அவமானத்தை, இழப்பை எழுதுவது. இதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். இதுதான் அந்த இரவில் எங்களுக்குக் கடினமாக இருந்த பகுதி.

நான்காவது, செயல். எங்கே, எப்போது, யாருக்காக, என்ன செய்தேன், என்ன பலன், என்ன பிழைத்தது. என் மாணவியின் வரைவில் இது கடைசிப் பந்தியில் மூன்று வரிகளாக ஒதுங்கி நின்றது. அந்த மூன்று வரிக்குள்ளும் பதினொன்று முப்பதாகியிருந்தது.

‘எனக்கு எல்லாரும் ஒன்றுதான்’

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் இந்தக் கூற்றுகளுக்குப் புள்ளி வழங்க ஒரு திட்டத்தை வகுத்திருந்தது. விடயத்தைப் பற்றிய அறிவு, இதுவரை செய்த வேலை, இனிச் செய்யவுள்ள திட்டம் என மூன்று பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. அதில் ஓர் அம்சம் என்னை நிறுத்தியது. மாணவர்களின் வெவ்வேறு பின்னணிகளைக் கவனியாமல் ‘எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவேன்’ என்று எழுதுபவருக்குக் குறைந்த புள்ளியே கிடைக்கும்.

ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறிய நாளில் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான். இதைப் பெருமையாகச் சொல்லாத ஆசிரியர் எமது பாடசாலைகளில் உண்டா? பாரபட்சம் காட்டாதே என்ற அர்த்தத்தில் அது நல்ல சொல்தான். ஆனால் கரும்பலகை தெரியாத பிள்ளையையும் தெரிகிற பிள்ளையையும் ஒரே மாதிரி நடத்தினால், தெரியாத பிள்ளை தெரியாமலேயே இருந்துவிடும். முன் வரிசைக்கு அழைத்தால்தான் அது சமம். பெர்க்லிக்காரர்கள் சொல்ல வந்ததில் இவ்வளவு நியாயம் இருக்கிறது.

இதே பெர்க்லியில் 1970களில் நடந்த ஒரு விடயம் இதை இன்னும் நன்றாக விளக்கும். யூரி டிரைஸ்மன் என்பவர் அப்போது அங்கு கணிதத்தில் பட்டப்பின்படிப்பு மாணவர். கறுப்பின மாணவர்கள் நுண்கணிதப் பாடத்தில் அதிகமாகச் சித்தியடையத் தவறுவதைக் கண்டார். ஏன் என்று விரிவுரையாளர்களிடம் கேட்டபோது ஊக்கமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்று வழமையான காரணங்கள் வந்தன. டிரைஸ்மன் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன அமெரிக்க மாணவர்களையும் தொடர்ந்து அவதானித்தார். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார்.

கண்டது இதுதான். கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களின் பெற்றோர் கல்வியில் அக்கறை அற்றவர்களும் அல்லர். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தனியே படித்தார்கள். சீன மாணவர்கள் தனியே படித்துவிட்டு, பிறகு கூடியிருந்து ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். ஒருவருக்கு விளங்காதது எல்லோருக்கும் விளங்கவில்லையா, தனக்கு மட்டுமா என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியே படித்தவருக்கு அது தெரியவில்லை. டிரைஸ்மன் குழுவாகப் படிக்கும் செயலமர்வுகளை ஆரம்பித்தார். ‘பலவீனமான மாணவருக்கான மேலதிக வகுப்பு’ என்று பெயர் சூட்டவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடியிருந்து செய்ய வைத்தார். பெறுபேறுகள் பெரிதும் உயர்ந்தன. பின்னர் வேறு பல பல்கலைக்கழகங்களும் அந்த முறையைப் பின்பற்றின.

இதை நான் தொலைபேசியில் சொல்லவில்லை. அன்று எனக்கே தெரியாது. ஆனால் பிறகு வாசித்தபோது எனக்கு அந்தச் சனிக்கிழமை வகுப்பு ஞாபகம் வந்தது. ஆரம்பத்தில் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு மாதத்தில் ஐந்தாகக் குறைந்தது. ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில அக்கறை இல்ல’ என்று எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலேயே ஒருவர் சொன்னார். என் மாணவி லயத்துக்கே போய்க் கேட்டார். வராமல் நின்றவர்களில் அதிகமானோர் வீட்டின் மூத்த பெண் பிள்ளைகள். அம்மா கொழுந்தெடுக்கப் போனால் தம்பி, தங்கையைப் பார்க்க வேறு ஆள் இல்லை. வகுப்பை ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றினார். சின்னவர்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவர்களுக்குப் பின் வாங்கில் வெள்ளைத் தாளும் வர்ணப் பென்சிலும். திரும்பவும் ஒன்பது பேர் வந்தார்கள்.

அவருடைய முதல் வரைவில் இந்தக் கதை இல்லை. இதெல்லாம் ஒரு விடயமா என்று நினைத்திருக்கிறார்.

எதிர்த்தவர்கள் சொன்னதும் உண்மை

இந்தப் பத்திரத்தை எதிர்த்தவர்கள் எல்லோரும் சமத்துவத்துக்கு எதிரிகள் என்று நினைத்தால் அது தவறு.

2018-19இல் பெர்க்லி உயிரியல் விஞ்ஞானத் துறைகளின் ஆட்சேர்ப்பொன்றில் அடிப்படைத் தகைமையுள்ள 893 விண்ணப்பங்கள் இருந்தன. முதற் சுற்றில் பன்முகத்தன்மைப் பங்களிப்பு மட்டுமே மதிப்பிடப்பட்டது. அதில் தேறியவை 214. மீதி 679 பேரும் ஆய்வில் எப்படி, கற்பித்தலில் எப்படி என்ற பரிசீலனைக்கு வராமலேயே வெளியேறினார்கள். நியாயத்துக்காக வந்த ஒரு கருவி இப்படிப் பயன்படுவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது.

2019 டிசம்பரில் டேவிஸ் வளாகக் கணிதத் துறைத் தலைவர் அபிகெயில் தொம்ப்சன், அமெரிக்கக் கணிதவியல் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கூற்றை அவர் பழைய விசுவாசப் பிரமாணத்தோடு ஒப்பிட்டார். அந்த வரலாறு இதுதான். கம்யூனிசப் பீதி நிலவிய காலத்தில், 1949இல், தாம் கம்யூனிஸ்ட் அல்லர் என்று சத்தியம் செய்யும்படி கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களைக் கேட்டது. மறுத்த 31 பேர் 1950இல் பதவி நீக்கப்பட்டார்கள். மறுத்தவர்கள் கம்யூனிஸ்ட்டாக இருந்ததற்காக நீக்கப்படவில்லை. அரசியல் நம்பிக்கையை வேலைக்கு நிபந்தனையாக்குவது தவறு என்று சொன்னதே அவர்கள் செய்த குற்றம். 1952இல் மாநில உயர் நீதிமன்றம் அவர்களை மீண்டும் பதவியில் அமர்த்த உத்தரவிட்டது. ஒரு காலத்தில் வலதுசாரிப் பிரமாணம் கேட்டார்கள், இப்போது இடதுசாரிப் பிரமாணம் கேட்கிறார்கள் என்பதே விமர்சனத்தின் சுருக்கம். அக்கட்டுரையை ஆதரித்தும் எதிர்த்தும் கணித அறிஞர்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள்.

2024 ஏப்ரலில் ஹாவர்ட் சட்டப் பேராசிரியர் ரண்டல் கென்னடியும் இதைக் கைவிட வேண்டும் என்று எழுதினார். அவர் கறுப்பினத்தவர். இனப் பாகுபாட்டுச் சட்டம் பற்றி நெடுங்காலம் ஆய்வு செய்தவர். தன்னை இடதுசாரி என்றே சொல்லிக்கொள்பவர். அவரே எதிர்த்தது பலரையும் யோசிக்க வைத்தது.

அதே நேரம் இன்னொரு பக்கத்திலிருந்தும் காற்று வீசியது. டெக்ஸாஸ் மாநிலத்தில் அரச பல்கலைக்கழகங்கள் இத்தகைய கூற்றுகளைக் கேட்பதைத் தடுக்கும் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் பன்முகத்தன்மைக்கான அலுவலகங்களையும் சேர்த்தே மூடச் செய்தது. பத்திரத்தில் குறை கண்டவர்கள் ஒரு சாரார். பின்தங்கியோருக்கான எந்த முயற்சியும் வேண்டாம் என்றவர்கள் இன்னொரு சாரார். இரண்டு சாராரும் ஒரே சொற்களைப் பாவித்ததால் வெளியிலிருந்து பார்க்கும் எமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

2024 மே மாதம் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகமான எம்.ஐ.டி., இந்தக் கூற்றைக் கேட்பதை நிறுத்தியது. ஜூனில் ஹாவர்ட் கலை, விஞ்ஞான பீடம். டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகம். 2025 மார்ச்சில், இதைத் தொடக்கிவைத்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகமே கட்டாயமாகக் கேட்பதைக் கைவிட்டது.

காயத்தை விற்பதா?

இனி அந்த மூன்றாவது விதத்துக்கு வருகிறேன்.

என் மாணவியின் உம்மாவின் வாப்பா 2020 நவம்பரில் கொழும்பில் கொவிட் தொற்றால் காலமானார். அந்த நாட்களில் நடந்தது எமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரி இறுதியில்தான். அதற்கு முன் போனவர்களை நாம் மண்ணில் வைக்கவில்லை. இந்தப் பிள்ளை அமெரிக்காவில் ஒரு விடுதி அறையில் இருந்தபடி தொலைபேசியில் உம்மாவின் அழுகையைக் கேட்டவர்.

அவரோடு படித்த ஒருவர், நல்ல மனதோடுதான், ஓர் ஆலோசனை சொல்லியிருக்கிறார். “இதை எழுது. வாசிப்பவர்கள் உருகிவிடுவார்கள்.”

“எழுதிப் பார்த்தேன் சேர்,” என்றார். “நல்லாத்தான் வந்தது. அதான் பயமா இருக்கு.”

எனக்கு உடனே பதில் வரவில்லை. எமது துயரம் உலகுக்குத் தெரிய வேண்டும் என்று நாமே சொல்கிறோம். ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதை எழுதாதே என்று ஓர் ஆசிரியன் எப்படிச் சொல்வது? ஆனால் சாட்சி சொல்வது வேறு, சான்றிதழாகக் காட்டுவது வேறு. முன்பின் அறியாத ஐந்து பேர் இருந்து, இந்தத் துயரத்துக்கு ஐந்தில் எத்தனை புள்ளி என்று கணக்கிடப் போகிறார்கள். அடுத்த விண்ணப்பதாரியின் துயரம் இதைவிடப் பெரிதா என்று ஒப்பிடப் போகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்தப் பத்திரம் அவர்களை அந்த இடத்தில் இருத்திவிடுகிறது.

நான் சொன்னது இவ்வளவுதான்: “அந்த மௌத்து உனக்குச் சொந்தம் மகள். சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எங்கேயும் சொல்லு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனா அதனால நீ என்ன செஞ்சாய் என்டு கேட்டா விடை இருக்கா?”

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். அந்த வருடம் ஆய்வுகூடத்தில் தன் கீழ் வேலை செய்த ஒரு மாணவன் இரண்டு வாரம் காரணம் சொல்லாமல் வரவில்லை. முன்னரென்றால் கடுமையாக மின்னஞ்சல் அனுப்பியிருப்பார். அந்த முறை நேரில் போய் விசாரித்தார். அவனுடைய தாய் வைத்தியசாலையில். அதன் பிறகு தன் பாடத்தில் ஓர் ஒழுங்கு செய்தார். எவரும் காரணம் சொல்லாமலேயே ஒரு தடவை ஒப்படையைப் பிந்தித் தரலாம். துயரத்தை நிரூபித்துத்தான் சலுகை பெற வேண்டும் என்ற நிலை யாருக்கும் வேண்டாம் என்று.

“அதை எழுது,” என்றேன்.

விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு

தலைப்பு மாறினாலும் கேள்வி போய்விடவில்லை. ஹாவர்ட் கலை, விஞ்ஞான பீடம் பழைய கூற்றுக்குப் பதிலாக, இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் கற்பித்தல், வழிகாட்டல் பற்றியும் சேவை பற்றியும் எழுதித்தரக் கேட்கிறது. வேறு இடங்களில் நேர்முகப் பரீட்சையில் கேட்பார்கள். வேறு நாடுகளில் வேறு பெயரில் கேட்பார்கள். ஆகவே சில விடயங்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில், விளம்பரத்தில் கேட்டிருப்பதை நிதானமாக வாசியுங்கள். கேட்காத இடத்தில் இந்தப் பத்திரத்தை அனுப்ப வேண்டாம். இன்றைய நிலையில் சில மாநிலங்களில் அதைப் பரிசீலிப்பதே சட்டச் சிக்கல்.

அடையாளத்தை மறைக்கவும் வேண்டாம், அதை மட்டுமே நம்பியிருக்கவும் வேண்டாம். நீங்கள் யார் என்பது ஒரு வரியில் வரலாம். அந்த அடையாளம் உங்களுக்கு எதைக் காணக் கற்றுத்தந்தது என்பது அடுத்த வரியில் வர வேண்டும். தமிழ்மொழி மூலம் படித்து ஆங்கிலத்தில் முதல் வருடம் தடுமாறியவருக்கு, மொழி விளங்காமல் மௌனமாக இருக்கும் மாணவனையும் பாடம் விளங்காமல் மௌனமாக இருப்பவனையும் பிரித்தறியத் தெரியும். அது ஓர் ஆற்றல். அப்படி எழுதுங்கள்.

ஒரேயொரு வேலையை எடுத்து முழுமையாகச் சொல்லுங்கள். யார் விடுபட்டிருந்தார்கள், ஏன் என்று எப்படி அறிந்தீர்கள், எதை மாற்றினீர்கள், என்ன நடந்தது. சரிவராமல் போனதையும் சொல்லலாம். பத்து அமைப்புகளில் அங்கத்தவர் என்ற பட்டியலைவிட இது பெறுமதியானது.

நம்பாததை எழுத வேண்டாம். உங்களுக்கு உடன்பாடில்லாத கொள்கை வாசகத்தை வேலைக்காக எழுதினால், நாளை அதே வாசகத்தை வகுப்பில் சொல்ல வேண்டி வரும்.

எண்களில் நேர்மையாக இருங்கள். பதினொன்று என்றால் பதினொன்று. சிபாரிசுக் கடிதம் எழுதும் என்னைப் போன்ற ஒருவரிடம் அவர்கள் விசாரிக்கலாம் என்பதற்காக மட்டுமல்ல. முப்பது என்று எழுதும்போது, அந்தப் பதினொரு பேரும் போதாது என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக ஒரு விடயம். இங்கு பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நீண்ட இடைவெளி கிடைக்கிறது. அந்தக் காலத்தில் செய்யும் சிறிய வேலையைப் பத்து வருடம் கழித்து யாரோ கேட்பார்கள் என்பதற்காகச் செய்ய வேண்டாம். தேவை இருப்பதால் செய்யுங்கள். ஆனால் வரவுப் பதிவேட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 2023ஆம் ஆண்டு விண்ணப்பங்கள் ஒன்றும் அவருக்குச் சரிவரவில்லை. மறு வருடம் மீண்டும் விண்ணப்பித்தார். விண்ணப்பித்த இடங்களில் பெரும்பாலானவற்றில் இந்தப் பக்கத்தைக் கேட்கவே இல்லை. கற்பித்தலுக்கு முதலிடம் கொடுக்கும் சிறிய கல்லூரி ஒன்றின் நேர்முகப் பரீட்சையில் வயதான ஒரு பேராசிரியை கேட்டாராம்: “முதற் பரீட்சையில் தோல்வியடைந்த மாணவர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்?”

“போய்க் கேட்பேன்,” என்று சொல்லிவிட்டு, லயத்துக்குப் போன கதையைச் சொன்னாராம்.

“எத்தனை பிள்ளைகள்?” என்று பேராசிரியை கேட்டிருக்கிறார்.

“பதினொன்று. பிறகு ஐந்து. பிறகு ஒன்பது.”

இப்போது அங்கேதான் படிப்பிக்கிறார்.